விஞ்சுதலும் மிஞ்சுதலும்

‘விஞ்சு’ என்று தமிழில் ஒரு வினைச்சொல் உண்டு. பிறரினும் மேற்செல்லுதல், ஒன்றன் அளவைக் கடந்து நிற்றல் என்பன அதன் பொருள்கள். தந்தையை விஞ்சிய தனயன், ஆசானை விஞ்சிய மாணவன் என்று மேடைகளில் முழங்கும் தொடர்களில் அச்சொல் இன்றும் வாழ்கின்றது. அன்றாடப் பேச்சில் அதன் இடத்தை ‘மிஞ்சு’ பிடித்துக்கொண்டுள்ளது. இவ்விரண்டையும் சூழ முந்து, வெல், கட, தாண்டு, மீறு, மிகு, உயர், ஓங்கு, சிற, மேம்படு என ஒரு பெருஞ் சுற்றமே நிற்கின்றது. அகராதியில் ஒன்றுக்கு மற்றொன்று பொருளாக எழுதப்பட்டிருக்கும். ஆயினும், மனிதர் வாயில் இவை ஒரே வேலையைச் செய்வதில்லை. எந்த வினையை எவர் எவரை நோக்கிச் சொல்லுகின்றார் என்பதைக் கொண்டே ஒரு சமூகத்தின் மனநிலையை அறிந்துகொள்ளலாம்.

தஞ்ச மனுக்களும் மேன்முறையீடுகளும் வதிவிட அனுமதி பற்றிய செய்திகளும் நிறைந்த ஒரு நாளேட்டில் சொல்லாராய்ச்சிக்கு என்ன வேலை என்று வாசகர் வினவக்கூடும். வினாவில் நியாயம் உண்டு. நாமும் ஒரு காலத்தில் விரிவுரை மண்டபத்தில் நின்று இத்தகைய சொற்களைப் பகுதி, விகுதி எனப் பிரித்துக் காட்டியவரே. ஆனால், அந்தப் பழக்கத்தால் இன்று இதனை எழுதவில்லை. புலம்பெயர்ந்த எமது வீடுகளில் மாலைதோறும் பிள்ளைகளின் காதில் விழுவது இந்த வினையே என்பதனால் எழுதுகின்றோம். “இன்னாரின்ரை மகளுக்கு மெடிசின் கிடைச்சிட்டுது. நீ என்ன செய்யப் போறாய்?” என்ற கேள்வியில் ‘விஞ்சு’ என்னும் சொல் இல்லை. எனினும், அந்தக் கேள்வி முழுவதும் அச்சொல்லுக்கு எழுதப்பட்ட உரையே ஆகும்.

முதலில் இலக்கணத்தைச் சற்று நோக்குவோம். செயப்படுபொருளை வேண்டி நிற்கும் வினைகள், அதனை வேண்டாத வினைகள் என இலக்கணகாரர் வினைகளை இரண்டாக வகுப்பர். பிறரோடு ஒப்பிட்டுப் பேசும்போது விஞ்சு, மிஞ்சு, முந்து, வெல், தாண்டு என்பன முதல் வகையாகவே வழங்குகின்றன. ‘விஞ்சினான்’ என்றவுடன் ‘யாரை?’ என்ற வினா எழுகின்றது. இரண்டாம் வேற்றுமை உருபை ஏற்று ஒருவர் வந்து நிற்க வேண்டும்; அவர் கீழே நிற்கவும் வேண்டும். சிற, உயர், ஓங்கு, மேம்படு என்பன இவ்வாறு எவரையும் வேண்டுவதில்லை. ‘சிறந்தாள்’ என்றால் ‘எதில்?’ என்று கேட்போமேயன்றி ‘யாரை?’ என்று கேட்கமாட்டோம். ஒரு மரம் ஓங்குவதற்கு அயலில் உள்ள மரம் குட்டையாக இருக்க வேண்டிய தேவை இல்லை.

‘சிறப்பு’ என்ற சொல்லின் இலக்கண வழக்கு இன்னும் தெளிவானது. தமிழுக்கும் வடமொழிக்கும் பொதுவான எழுத்துகளையும் தமிழுக்கே உரிய எழுத்துகளையும் வேறுபடுத்தும்போது நன்னூலார் ற, ன, ழ, எ, ஒ ஆகிய ஐந்தையும் தமிழுக்கே உரியவற்றுள் வைக்கின்றார். முன்னவை பொதுவெழுத்து என்றும் பின்னவை சிறப்பெழுத்து என்றும் வழங்கப்படும். ழகரம் ககரத்தைத் தோற்கடித்துச் சிறப்பெழுத்து ஆகவில்லை. தனக்கே உரியதாய் இருக்கும் தன்மையையே எம் முன்னோர் சிறப்பு என்றனர். முதலாம் இடத்திற்கும் அதற்கும் தொடர்பில்லை. இந்தப் பொருளை மறந்துவிட்டு, சிறப்புத் தேர்ச்சி, சிறப்புப் பரிசு, சிறப்பு விருந்தினர் என்று வரிசையில் முன்னே நிற்பவருக்கு மட்டுமே நாம் அச்சொல்லை ஒதுக்கி வைத்திருக்கின்றோம்.

இனி ‘மிஞ்சு’ என்பதற்கு வருவோம். இச்சொல்லுக்கு மூன்று பொருள்கள் உண்டு. அளவைக் கடத்தல் ஒன்று; அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் பழமொழியில் வருவது அதுவே. எஞ்சி நிற்றல் இன்னொன்று. பந்தியில் சோறு மிஞ்சியது என்கின்றோம். மூன்றாவது பொருள் தனக்கு வகுக்கப்பட்ட நிலையை மதியாது நடத்தல். ‘எங்களை மிஞ்சப் பார்க்கிறாங்கள்’ என்ற பேச்சில் இப்பொருளைக் காணலாம். இந்த மூன்றாம் பொருளைச் சொல்லுபவர் எப்போதும் மேலே இருப்பவர் என்பதைக் கவனிக்க வேண்டும். கீழே இருப்பவர் ‘சமமாக வருகின்றேன்’ என்று கருதிச் செய்வதை மேலே இருப்பவர் ‘மிஞ்சுகின்றான்’ என்று பெயர்த்துச் சொல்லுகின்றார்.

எமது ஊர்களின் வரலாற்றில் இதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. கிணற்றில் தண்ணீர் அள்ளவும், தேநீர்க் கடையில் எல்லோருக்கும் வைக்கும் குவளையில் குடிக்கவும், கோயில் வாசலைத் தாண்டி உள்ளே சென்று கும்பிடவும் உரிமை கேட்ட மக்களை யாழ்ப்பாணத்தில் இந்தச் சொல்லால்தான் ஏசினார்கள். தீண்டாமைக்கு எதிரான சட்டம் 1957இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பதினொரு ஆண்டுகள் கழித்து, 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் அந்தச் சட்டத்தின் உரிமையைக் கேட்டு மக்கள் போராட வேண்டியிருந்தது. அவர்கள் எவரையும் விஞ்சக் கேட்கவில்லை. பக்கத்தில் நின்று கும்பிடவே கேட்டார்கள்.

அதே சொல் பின்பு எம்மை நோக்கியும் திரும்பியது. பல்கலைக்கழகங்களில் தமிழ் மாணவர் தம் விகிதத்திற்கு மிஞ்சி இருக்கின்றனர் என்ற வாதம் கொழும்பில் எழுந்தது. அதன் விளைவாக வந்ததே தரப்படுத்தல். 1971ஆம் ஆண்டு அனுமதியில் பேராதனைப் பொறியியற் பீடத்திற்குச் சிங்களமொழி மூலம் தோற்றியவருக்கு 227 புள்ளிகள் போதுமாயின. தமிழ்மொழி மூலம் தோற்றியவருக்கு 250 புள்ளிகள் தேவைப்பட்டன. இடையிலிருந்த 23 புள்ளிகள் ஒரு தலைமுறையின் நெஞ்சில் தைத்த முள்ளாயின. 1974இல் மாவட்ட ஒதுக்கீட்டு முறை வந்தபோது பின்தங்கிய மாவட்டங்களின் மாணவருக்குக் கதவு சிறிது திறந்தது. அம்மாவட்டங்களுள் தமிழர் வாழும் மாவட்டங்களும் அடங்கும் என்பதை நேர்மையுடன் சொல்லத்தான் வேண்டும். யாழ்ப்பாணம் முந்தி ஓடிய காலத்தில் வன்னியின் பள்ளிப் பிள்ளை எங்கே நின்றான் என்ற வினாவை அன்று எம்முள் பலர் கேட்கவில்லை.

புலம்பெயர்ந்த பெற்றோர் புள்ளிகளின் பேரில் கொள்ளும் பதற்றத்தை இந்த 23 புள்ளிகளை மறந்துவிட்டு விளங்கிக்கொள்ள முடியாது. கல்வி ஒன்றையே கைப்பொருளாகக் கொண்டு வாழ்ந்த சமூகத்தின் கையிலிருந்து அதனைப் பறிக்க முயன்றார்கள். வீட்டையும் வயலையும் எரித்தார்கள். மிஞ்சியது பிள்ளையின் மூளை ஒன்றே என்று பெற்றோர் நினைத்தனர். ஆகவே பிள்ளை ‘விஞ்ச’ வேண்டும். யாரை என்பது காலப்போக்கில் மாறிவிட்டது. அன்று அநீதியை வெல்ல வேண்டும் என்று சொன்னோம். இன்று அடுத்த தெருவில் இருக்கும் தமிழ்க் குடும்பத்தின் பிள்ளையை வெல்ல வேண்டும் என்கின்றோம். வினை மாறவில்லை; இரண்டாம் வேற்றுமையில் நின்றவர் மாறிவிட்டார்.

அகதி வாழ்வோடு நேரடியாகத் தொடர்புடைய இரு சொற்கள் இச்சுற்றத்தில் இருக்கின்றன. அவை மீறுதலும் கடத்தலும். உயிருக்கு அஞ்சி எல்லையைத் தாண்டிய மனிதர் தாம் எல்லையைக் கடந்ததாகச் சொல்லுவார். குடிவரவு அலுவலரின் கோப்பில் அவர் எல்லையை மீறியவராவார். கால் ஒன்று, மண் ஒன்று, செயலும் ஒன்று. எழுதுபவர் வேறு என்பதால் வினை வேறாகின்றது. 1951ஆம் ஆண்டின் ஜெனீவா அகதிகள் உடன்படிக்கை இவ்விடத்தில் தெளிவாகப் பேசுகின்றது. உயிரோ சுதந்திரமோ அச்சுறுத்தப்பட்ட நாட்டிலிருந்து நேரே வந்து, தாமதமின்றி அதிகாரிகளிடம் தம்மை ஒப்புவித்து, தக்க காரணம் காட்டும் அகதியை, அனுமதியின்றி உள்நுழைந்தமைக்காகத் தண்டிக்கலாகாது என்று அதன் 31ஆம் உறுப்புரை விதிக்கின்றது. மீறல் என்று எழுதப்பட்டதைக் கடத்தல் என்று திருத்தி எழுதும் உறுப்புரை அது. விசாரணைக்குச் செல்லும் ஒவ்வொருவரும் இந்த எண்ணை நினைவில் வைத்திருத்தல் நன்று.

அந்நியர் எம்மைப் பற்றி எழுதுவது இருக்கட்டும். எம்மை நாமே எவ்வாறு வரிசைப்படுத்துகின்றோம் என்பதை ‘முந்து’ என்னும் சொல் காட்டிக்கொடுக்கின்றது. ‘முந்தி’ என்றால் எமது பேச்சு வழக்கில் முன்பு என்று பொருள். காலத்தால் முன் வருதலும் தகுதியால் முன் நிற்றலும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன. 1983 யூலைக்குப் பின் வந்தவர், 1990களில் வந்தவர், 2009க்குப் பின் வந்தவர் என்று எமது மக்கள் அலை அலையாக வந்தனர். முந்தி வந்தவர் பிந்தி வந்தவரைப் பார்த்து ‘நேற்று வந்தவன்’ என்கின்றார். பிந்தி வந்தவருடைய கதையைச் சந்தேகிக்கின்றார். ‘நாங்கள் உண்மையான அகதிகள், இவர்கள் காசுக்கு வந்தவர்கள்’ என்ற பேச்சு எமது மண்டபங்களில் கேட்காத பேச்சன்று.

கடலுக்கு இந்த வேறுபாடு தெரியாது. 1986 ஆகத்தில் கனடாவின் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களை அந்தப் பகுதி மீனவர்கள் மீட்டார்கள். அவர்களுக்குத் தங்கி வேலை செய்ய அனுமதி கிடைத்தது. 2010 ஆகத்தில் அதே நாட்டின் மேற்குக் கரைக்கு சன் சீ என்னும் கப்பலில் 492 தமிழர்கள் வந்தபோது தடுப்பு முகாம் காத்திருந்தது. 2021 ஒக்டோபரில் ஒரு படகில் சென்ற தமிழர்கள் இந்து சமுத்திரத்தின் டியேகோ கார்சியாத் தீவில் அகப்பட்டு மூன்று ஆண்டுகளுக்கு மேல் முகாமில் கிடந்தனர். 2024 டிசெம்பரில்தான் அவர்களுள் பெரும்பாலோர் பிரித்தானியாவுக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களைத் தடுத்து வைத்தமை சட்டத்திற்கு மாறானது என்று அதே மாதத்தில் அத்தீவுப் பிரதேசத்தின் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 155 பேர் முந்தி வந்தனர். மற்றையோர் பிந்தி வந்தனர். முந்தி வந்தவர் வயதால் மூத்தவராகலாம், வதிவிட அனுமதியால் வசதி பெற்றவராகலாம். முந்தி வந்தமையால் மட்டும் ஒருவர் மேலானவராகிவிட மாட்டார்.

இதனினும் வருந்தத்தக்க விஞ்சுதல் ஒன்று உண்டு. துன்பத்திலும் நாம் ஒருவரை ஒருவர் விஞ்சப் பார்க்கின்றோம். யார் அதிகம் இழந்தார், யாருடைய வீட்டில் அதிகம் பேர் இறந்தார், யார் நீண்ட காலம் சிறையிலிருந்தார் என்பன செத்த வீட்டிலும் கலியாண வீட்டிலும் அளக்கப்படுகின்றன. ஒரு தாயின் இழப்பு மற்றொரு தாயின் இழப்பால் சிறுத்துப்போவதில்லை. உடன்படிக்கையும் அவ்வாறு அளக்கச் சொல்லவில்லை. தகுந்த ஆதாரமுள்ள அச்சம் அந்த ஒருவருக்கு உண்டா என்பதையே அது கேட்கின்றது. அயலவரிலும் அதிகமாக அஞ்சினாரா என்று அது கேட்கவில்லை.

தமிழில் ஒப்பீடு எவ்வாறு நிகழ்கின்றது என்பதையும் இங்கே நோக்க வேண்டும். பண்புச் சொல்லை வளைத்து உறழ்ச்சி காட்டும் வழக்கம் எம் மொழிக்கு இல்லை. ஐந்தாம் வேற்றுமையையும் சில வினையெச்சங்களையும் கொண்டே நாம் அதனைச் செய்கின்றோம். எழுத்துத் தமிழில் ‘அவனை விட இவன் கெட்டிக்காரன்’ என்கின்றோம். ‘விட’ என்பது விடுதல் என்னும் வினையின் எச்சம். அவனை விட்டுவிட்டால் இவன் தெரிகின்றான் போலும்! யாழ்ப்பாணத்துப் பேச்சில் வேறொரு வழக்கு உண்டு. ‘அவனிலும் பார்க்க இவன் கெட்டிக்காரன்’ என்பார் எமது பாட்டிமார். இங்கே வினை ‘பார்’. அவனையும் பார்த்து, இவனையும் பார்த்துச் சொல்லுகின்ற தீர்ப்பு அது. இரண்டும் இன்று வெறும் ஒப்பீட்டுச் சொற்களாகத் தேய்ந்துவிட்டன என்பதை நாம் அறிவோம். எனினும், ஒருவரை விட்டு மேற்செல்வதற்கும் ஒருவரைப் பார்த்துக்கொண்டே மேற்செல்வதற்கும் வாழ்க்கையில் பெரும் வேறுபாடு உண்டு. எமது பேச்சு மொழி அந்த இரண்டாம் வழியைத் தன் வாயில் வைத்திருக்கின்றது.

பார்த்து மேற்செல்வதற்கு உதாரணம் எமது அகராதிகளே. 1842இல் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் ஒரு தமிழ் அகராதி அச்சாயிற்று. மானிப்பாய் அகராதி என்று வழங்கும் அந்நூலில் ஏறத்தாழ 58,500 சொற்கள் இருந்தன. 1862இல் வின்சுலோ பாதிரியாரின் தமிழ்-ஆங்கில அகராதி 67,000க்கும் மேற்பட்ட சொற்களோடு சென்னையில் வெளிவந்தது. யாழ்ப்பாணத்தில் முன்னவர் தொடங்கிச் சேர்த்த சொற்குவையின் மீதே அவர் கட்டினார். பின்பு சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி ஓர் இலட்சம் சொற்களைத் தாண்டியது. ஒவ்வொன்றும் முந்தையதை விஞ்சியது. ஆயினும் எதுவும் முந்தையதை வீழ்த்தவில்லை. முந்தையதன் தோளில் ஏறி நின்றே பிந்தியது உயர்ந்தது. மானிப்பாயில் ஓலையும் எழுத்தாணியும் பழகிய கைகள் தொடுத்த சொற்கள் பேரகராதியின் பக்கங்களிலும் இருக்கின்றன. தக்க விஞ்சுதல் இதுவே என்பது எமது கருத்து.

திருக்குறளின் ஏழாம் அதிகாரம் மக்கட்பேறு. அதில் 67ஆம் குறளும் 68ஆம் குறளும் அடுத்தடுத்து நிற்கின்றன. தந்தை மகனுக்குச் செய்யும் நன்மை அவனை அவையில் முந்தியிருக்கச் செய்தலே என்பது முதலாவது. பிள்ளைகளின் அறிவுடைமை பெற்றோரிலும் பார்க்க உலகத்து உயிர்களுக்கெல்லாம் இனியது என்பது அடுத்ததற்குப் பரிமேலழகர் கொண்ட பொருள். எமது மேடைகளில் 67ஆம் குறள் ஓயாது ஒலிக்கின்றது. 68ஆம் குறளோடு சேர்த்துப் படித்தால்தான் அதன் உள்ளம் விளங்கும். பிள்ளை அவையில் முந்தியிருப்பது எதற்காக? அவனுடைய அறிவு உலகத்திற்கு இனிமை தருவதற்காக. அயல் வீட்டாரின் முகம் கறுப்பதற்காக என்று வள்ளுவர் சொல்லவில்லை.

எமது வீடுகளில் என்ன நடக்கின்றது? மருத்துவம், பொறியியல், சட்டம், கணக்கியல் என்று நான்கு வாசல்களே பிள்ளைக்குக் காட்டப்படுகின்றன. மரவேலையில் கை நயம் உள்ளவனும், முதியோரைப் பராமரிப்பதில் பொறுமை உள்ளவளும், நாடகத்தில் நாட்டம் கொண்டவளும் அந்த நான்கு வாசல்களின் முன்னே தலை குனிந்து நிற்கின்றனர். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி, ஞாயிற்றுக்கிழமை சங்கீத வகுப்பு, இடையே கணித ரியூசன் என்று ஓடும் பிள்ளைக்கு ஓய்வு கிடைப்பதில்லை. அறிக்கை அட்டை வரும் வாரத்தில் தொலைபேசி ஓய்வதில்லை. மாமியின் மகன் எத்தனை, சித்தப்பாவின் மகள் எத்தனை என்று கண்டம் விட்டுக் கண்டம் விசாரணை நடக்கின்றது. பிள்ளை இதனைக் கேட்டுக்கொண்டிருக்கின்றது. தன் புள்ளிகளைப் பெற்றோர் பார்க்கின்றனர், தன்னைப் பார்க்கவில்லை என்ற முடிவுக்கு அது வந்தால் குற்றம் அதனுடையதன்று. அத்தகைய பிள்ளைகள் பதினெட்டு வயதில் வீட்டிலும் மொழியிலும் இருந்து ஒருங்கே விலகிச் செல்வதை நாம் காண்கின்றோம். ‘பிள்ளை தமிழ் பேசுகுதில்லை’ என்று பின்பு வருந்துகின்றோம். அது தமிழில் கேட்டதெல்லாம் ஒப்பீடு ஒன்றே ஆயின், அந்த மொழியில் பேச அதற்கு என்ன ஆசை இருக்கும்?

பெரியவரின் விஞ்சுதலும் குறைந்ததன்று. பூப்புனித நீராட்டு விழாவிற்கு அவர்கள் 300 பேரை அழைத்தால் நாம் 500 பேரை அழைக்க வேண்டும். அவர்கள் ஒரு மண்டபம் எடுத்தால் நாம் அதனினும் பெரிய மண்டபம் எடுக்க வேண்டும். சீட்டுக் காசும் கடன் அட்டையும் சேர்ந்து ஒரு நாளைச் சிறப்பிக்கின்றன. அந்தக் கடனை அடைக்கத் தகப்பன் இரண்டாம் வேலைக்கு இரவில் செல்கின்றார். எவரை விஞ்சினார்? அடுத்த விழாவில் அவரை விஞ்சப்போகும் மற்றொரு கடனாளியைத் தவிர வேறு எவரையும் அல்ல.

போட்டி இன்றி முன்னேற்றம் உண்டா என்று சிலர் கேட்பர். இக்கேள்வியை நாம் இலகுவாகத் தள்ளிவிடவில்லை. உணவகச் சமையலறையில் கோப்பை கழுவியும், அலுவலகங்களை விடியற்காலையில் துப்புரவு செய்தும், பெற்றோல் நிலையங்களில் இரவு காவலிருந்தும் ஒரு தலைமுறை தன் பிள்ளைகளை ஆளாக்கியது. அந்த வைராக்கியத்தில் விஞ்சும் வேகமும் இருந்தது. அதனை ஏளனம் செய்ய எமக்கு மனம் வராது. தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி பாயும் என்ற பழமொழியும் எமதே. ஆனால், அந்தப் பழமொழியைக் கூர்ந்து நோக்குக. குட்டி தாயிடமிருந்து பாயக் கற்றது. தாயின் எட்டடியே குட்டிக்குத் தொடக்கம். அயல் குட்டி எத்தனை அடி பாய்ந்தது என்ற கணக்கு அதில் இல்லை. உழைப்பு வேண்டும், ஊக்கம் வேண்டும், உயர்ந்த குறிக்கோளும் வேண்டும். இவற்றிற்கு மற்றொருவர் தோற்க வேண்டும் என்பது கட்டாயமில்லை என்றே நாம் சொல்லுகின்றோம்.

ஆகவே சில சிறு மாற்றங்களை வாசகர்களின் சிந்தனைக்கு வைக்கின்றோம். தமிழ்ப் பள்ளிகளின் பரிசளிப்பு விழாக்களில் முதல் மூன்று இடங்களுக்குப் பரிசு வழங்குங்கள். அதனோடு, சென்ற ஆண்டிலும் பார்க்க இந்த ஆண்டு தன்னளவில் மேம்பட்ட பிள்ளைகளையும் மேடைக்கு அழையுங்கள். ‘அ’ எழுதத் தெரியாது வந்து இன்று பந்தி பந்தியாக எழுதும் பிள்ளையின் பயணம் முதலாம் பிள்ளையின் பயணத்திலும் நீண்டதாக இருக்கலாம். பிள்ளையின் புள்ளிகளை உறவினர் கூட்டத்தில் அறிவிக்குமுன் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். விழாவின் அளவை அயலவரின் விழாவைக் கொண்டு அளக்காது உங்கள் வருமானத்தைக் கொண்டு அளந்துகொள்ளுங்கள்.

முந்தி வந்தவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த நாடுகளின் மொழியும் சட்டமும் அலுவலக நடைமுறையும் உங்களுக்குத் தெரியும். பிந்தி வந்தவருக்கு வந்த கடிதத்தை வாசித்துச் சொல்லுங்கள். விசாரணைத் திகதியன்று உடன் செல்லுங்கள். மேன்முறையீட்டுக்குரிய நாள் தவறாது சட்டத்தரணியிடம் அழைத்துச் செல்லுங்கள். அவருடைய கதை உண்மையா பொய்யா என்று தீர்ப்பளிக்கும் கதிரையில் நீங்கள் அமர வேண்டியதில்லை. அதற்குச் சம்பளம் பெறுபவர்கள் இருக்கின்றனர். நாற்பது ஆண்டுகளுக்கு முன் உங்களுக்கும் ஒரு கடிதத்தை எவரோ வாசித்துக் காட்டியிருப்பார்.

மிகுதி என்னும் ஒரு பொருளுக்கே தொல்காப்பிய உரியியல் மூன்று சொற்களைத் தருகின்றது. நன்னூல் அவற்றை ஆறாகப் பெருக்குகின்றது. மிகுதலுக்கு இத்தனை சொல் வைத்த மொழியில், மற்றொருவரைக் கீழே நிறுத்தாமல் மிகுவதற்கும் சொற்கள் உண்டு. சிற என்கின்றது ஒன்று. ஓங்கு என்கின்றது மற்றொன்று. மேம்படு என்கின்றது வேறொன்று. அவற்றை எமது வீட்டுப் பேச்சுக்கு மீட்டெடுப்பது காசு செலவில்லாத காரியம்.

ஊரும் வீடும் போய், உற்றாரிற் பலரும் போய், எமக்கு மிஞ்சியிருப்பவர் ஒருவருக்கு ஒருவரே. மிஞ்சியிருப்பவர் தம்முள் மிஞ்சிக்கொண்டிருந்தால் எஞ்சப்போவது என்ன? இன்று மாலை பிள்ளை பள்ளியால் வந்ததும், யாருக்கு எத்தனை என்று கேளாது, இன்று நீ புதிதாக என்ன அறிந்தாய் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். விடை எந்த மொழியில் வந்தாலும் இருந்து கேளுங்கள்.